அம்மாவின் பச்சைப் புடவையில் பெரியம்மா

என் தகரப் பெட்டியின் அடியில் பச்சை நூல் புடவைத் துண்டு ஒன்று கிடக்கிறது. மஞ்சள் கரை போட்டது. அம்மா கட்டிய புடவைதான். ஆனால் அதைத் தொடும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் முதுகுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பிரெஞ்சுக்காரர் காலம். ஏம்பலத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி. மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போன அம்மா, அன்று பெரியப்பாவின் மாட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தாள். சாராயக் கடையில் மூக்குமுட்டக் குடித்திருந்த பெரியப்பா, முன்னால் போன வண்டியை முந்தப்போகிறேன் என்று மாடுகளை அடித்து விரட்டியிருக்கிறார். திருப்பத்தில் வண்டி குடைசாய்ந்து, சக்கரம் அம்மாவின் தொடையில் ஏறிவிட்டது. அவளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரியப்பாவோ போதை தெளிந்ததும் போலீசுக்குப் பயந்து இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் ஓடிவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லை என்பது ஒரு வரப்பு, அவ்வளவுதான்.

பெரியம்மாவை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா அன்றோடு நிறுத்தினார். "உங்க வூட்டு ஆளுங்க யாரும் என் வாசல்ல கால் வைக்கக் கூடாது" என்று வேலியோரம் நின்று கத்தினார். பெரியம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

தம்பி கைக்குழந்தை. தாய்ப்பால் இல்லாமல் கத்தித் தீர்த்தான். அக்கம்பக்கத்தில் கிடைத்த பால் ஒரு வேளைக்கு வந்தது. எங்கள் கொட்டகையில் சிவப்பி நின்றது. பொல்லாத மாடு, அம்மாவைத் தவிர யாருக்கும் மடி இளக்காது. முரட்டுக் காளையையே மடக்குவேன் என்று பீற்றிக்கொள்ளும் அப்பா, அது விட்ட உதையில் செம்பும் கையுமாகச் சாணியில் போய் உட்கார்ந்தார்.

பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினாள். "வூட்டுக்குள்ள நான் வர்ல. கொட்டாயில கறந்து வச்சிட்டு அப்டியே பூட்றேன். அவ கட்டி அவுத்த பொடவ ஒண்ணு குடுங்க, வாசன தெரிஞ்சா மாடு நிக்கும். பச்சப்புள்ள இன்னா பாவம் பண்ணுச்சி?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். ஆனால் மறுநாள் விடியற்காலை அம்மாவின் பச்சைப் புடவை வேலிமேல் கிடந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எழுந்து வந்து பார்த்தால், கொட்டகையில் பச்சைப் புடவை குந்தியிருக்கிறது, செம்பில் பால் சர்சர்ரென்று விழுகிறது. "அம்மா!" என்று ஓடிப்போய் முதுகைக் கட்டிக்கொண்டேன். முதுகு குலுங்கியது. திரும்பவில்லை. ஒரு கை மட்டும் பின்னால் வந்து என் தலையை அணைத்துக்கொண்டது. அந்தக் கையில் அம்மாவின் வளையல் இல்லை. அப்படியும் நான் விடவில்லை. அதற்குப் பிறகு தினமும், யாரென்று தெரிந்தே, போய்க் கட்டிக்கொண்டேன். அவளும் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்து என் அம்மாவைக் கலைத்துவிடவில்லை.

அம்மா காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வீடு வந்தபோது தம்பி தவழ ஆரம்பித்திருந்தான். ஆசையோடு மாட்டிடம் போனவளைச் சிவப்பி எட்டி உதைக்கப் பார்த்தது. உடம்பெல்லாம் ஆஸ்பத்திரி மருந்து வாடை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பச்சைப் புடவையைத் துவைத்துத் தருவதாகச் சொன்ன பெரியம்மாவை அம்மாதான் தடுத்தாள்.

"தொவைக்காத குடுக்கா. இப்ப உன் வாசனதான் அதுக்கு வேணும்."

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். சிவப்பி சுரந்தது. அப்பா வேலியோரம் போய், "உள்ள வாங்க அண்ணி" என்றார். பெரியம்மா வந்தாள், ஒரு வாய் மோர் குடித்தாள். கையில் துணிமூட்டை இருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து பெரியப்பா அவளை வரச்சொல்லி எப்போதோ ஆள் அனுப்பியிருந்தாராம். அம்மா எழுந்து கறக்கட்டும் என்றுதான் அவள் காத்திருந்திருக்கிறாள். வரப்பைத் தாண்டிப் போனவள் திரும்பி வரவேயில்லை.

இன்று அந்த எல்லையும் இல்லை, யாரும் யாரையும் பிடிக்கப்போவதில்லை. அம்மாவும் போய்ச்சேர்ந்துவிட்டாள். நான் பெட்டியைத் திறந்து துணியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். தகர வாடைதான் அடிக்கிறது. ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன், ஒரு கை பின்னால் வந்து தலையைத் தொடட்டும் என்று.