சாக்கில் போன எஞ்சின்

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு, தங்கை விட்டுப்போனது இரண்டு. அந்த ஆறு பேரும் சேர்ந்து தராத கரைச்சலை ஒரு மோட்டார் சைக்கிள் தந்தது. நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரமுள்ளவர்கள் பேப்பர் வாசிக்கலாம்.

அது யுத்த காலம். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கொட்டாஞ்சேனையில் ஒரு கோடவுனில் ஸ்டோர் கீப்பர். தினமும் பழைய மோட்டார் சைக்கிளில் போய் வருவார். சண்டை வடக்கில் நடந்தது. பெற்றோல் விலை எங்கள் ஒழுங்கையில் ஏறியது. பஸ்ஸில் போகச் சொன்னால், பஸ்ஸில் குண்டு வெடிக்கும் என்பார். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்து மச்சான் ஒரு புத்தகம் அனுப்பினார். கரண்டில் ஓடும் மோட்டார் சைக்கிள் படம் அதில் இருந்தது. அன்றோடு என் வீட்டு விறாந்தை கராஜாகிப்போனது.

கோடவுனில் பழுதாய்க் கிடந்த, மூட்டை தூக்கும் வண்டி ஒன்றின் மோட்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தார். கார் பற்றரி நாலு வாங்கினார். மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றினார். அந்த இடத்தில் மோட்டரை வைத்து, பற்றரிகளை இரண்டு பக்கமும் கட்டி, கறுப்பு றெக்சின் உறை தைத்துப் போட்டார். உறைக்குள்ளிருந்து சிவப்பு வயர்கள் வந்து ஹாண்டிலுக்குப் போயின.

“இஞ்சாருங்கோ, இதைப் பார்க்க எனக்கே பயமாக் கிடக்கு. ஆமிக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்?” என்றேன்.

“உமக்கு விஞ்ஞானம் விளங்காது. சும்மா இரும்.”

சும்மா இருந்தேன். கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கப் பார்த்தார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த நல்ல சாமான். குசினிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதை முண்டு கொடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாமன்கடை வரை ஓடிப் பார்த்தார். போகும்போது ராசா மாதிரி, சத்தமில்லாமல் போனார். வரும்போது தள்ளிக்கொண்டு வந்தார். ஏதோ வயர் கழன்றதாம். விஞ்ஞானத்தில் அதெல்லாம் சகஜமாம்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டார். எங்கள் வீட்டில் கடதாசி மட்டும் ஒருநாளும் குறையாது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வேலைக் கடிதம், மோட்டார் சைக்கிள் பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு நெஞ்சுச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

பத்து மணியளவில் சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஓடிவந்தார். ரெலிபோன் அவர் கடையில்தான் இருந்தது.

“அக்கா, ஒங்கட மாப்புளய பொலிஸ் கொண்டுபோயிட்டாம். பைக்கிட எஞ்சின் எங்க எண்டு கேக்கிறாங்களாம். பைக்ல எஞ்சின் இல்லயாம்.”

“ஓம், இல்லைத்தான்.”

நானா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். “எஞ்சின் இல்லாம எப்புடி அக்கா அவ்வளவு தூரம் போன?”

நடந்தது இதுதான். செக் பொயின்ரில் எஞ்சினை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அந்தக் காலத்துச் சட்டம். ஆமிக்காரப் பொடியன் எஞ்சினை நிறுத்தச் சொல்லியிருக்கிறான். எஞ்சினே இல்லை என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவன் குனிந்து பார்த்தான். கறுப்பு உறை, சிவப்பு வயர். அவ்வளவுதான், காலி வீதி என்ற அந்தப் பெரிய றோட்டே ஓட்டம் பிடித்தது. பிறகு நாயைக் கொண்டுவந்தார்கள். நாய் மணந்து பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டது. நாய்க்கு விளங்கியது. ஆனால் நாய் கையெழுத்துப் போடாதே.

குண்டு இல்லை என்றானபின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருந்தது. எஞ்சின் இல்லை. அப்படியானால் அந்த எஞ்சின் எங்கே, எந்த வண்டியில் எதைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது என்று கேட்டார்கள். இவர் கரண்ட் எப்படி ஓடுகிறது என்று விளக்கத் தொடங்கியிருக்கிறார்.

அந்த நாட்களில் விசாரணைக்கென்று உள்ளே போன தமிழ் ஆம்பிளை மாலையிலும் வரலாம், இரண்டு வருடத்தாலும் வரலாம். பொழுதுபட முன் இவரை எடுக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று நானா சொன்னார். உடனே குசினிக் கதவடியில் இருந்த எஞ்சினை அரிசிச் சாக்கில் போட்டேன். நானா ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாக ஓட்டோவில் ஏற்றினோம்.

“சாக்கில என்ன அம்மா?” என்றான் ஓட்டோக்காரன்.

“பலாப்பழம்.”

“எண்ணெய் ஒழுகுதே.”

“நல்லாப் பழுத்தது. நீ றோட்டைப் பார்த்து ஓட்டு.”

பொலிஸ் வாசலில் ஓட்டோக்காரனும் நானுமாகச் சாக்கை இறக்கினோம். காவலுக்கு நின்றவன் துவக்கை நீட்டிக் கத்தினான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சனம் கலைந்தது. நான் நிலத்தில் இருந்த சாக்கின்மேலேயே குந்தினேன். வெடிக்கிற சாமான்மேல் எந்தப் பைத்தியக்காரி குந்துவாள்? அது அவனுக்கும் விளங்கியிருக்கவேண்டும். மெல்லக் கிட்ட வந்து சாக்கை அவிழ்த்தான். பிறகு இரண்டு பேர் அதை உள்ளே தூக்கிப்போய் இன்ஸ்பெக்டரின் மேசையில், அவர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பர்மேல் வைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் மூலையில் ஒரு மர வாங்கில் இருந்தார். சட்டைப் பை கிழிந்திருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. வேறு ஒருவருக்கும் காட்டவில்லை.

எனக்கு எழுத்து சரியாக வராவிட்டாலும் இலக்கம் நன்றாக வரும். எஞ்சினில் படிந்திருந்த எண்ணெயைச் சேலைத் தலைப்பால் துடைத்து, நம்பரை ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். கடைசி இலக்கம்வரை பொருந்தியது. அவர் புத்தகத்தை மூடினார். இவரைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். நல்லாய் ஓடிய எஞ்சினை இந்த மனுசன் ஏன் கழற்றினான் என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் ஒரு சொல்தான் இருந்தது.

“பிஸ்ஸு, சேர்.”

பைத்தியம் என்று அர்த்தம். ஸ்ரேஷனே சிரித்தது. வாசலில் துவக்கு நீட்டியவனும் சிரித்தான். எஞ்சினைப் பூட்டி, சத்தம் போட வைத்து, அடுத்த திங்கள் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு இவரை விட்டார்கள். எண்ணெய் பட்ட பேப்பருக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் மரியாதையான குடும்பம்.

ஓட்டோவில் வரும்போது, எஞ்சின் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. பம்பலப்பிட்டி தாண்டியதும் இவர் சொன்னார்: “நான் கரண்ட் ஓடுற முறையை வடிவா விளங்கப்படுத்தினதாலதான் விட்டவன்.”

முப்பது வருடமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையை அப்படித்தான் சொல்லிவருகிறார். என் சாக்கும் இல்லை, நம்பரும் இல்லை, அந்த ஒரு சொல் அறவே இல்லை. அதுதான் நானே எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளை, இங்கே வா. அம்மம்மா எழுதினதை ஒருக்கா வாசித்துக் காட்டு. மெல்ல வேண்டாம். அறைக் கதவைத் திறந்துவிட்டு, உன் அம்மப்பாவுக்கும் கேட்கிற மாதிரி உரத்து வாசி.