மதியத்துக்குள் முடிந்த தளம்

நான் படித்தது ஐந்தாவது. கட்டியது எத்தனை வீடு என்று எனக்கே கணக்கில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், இது நான் கட்டியது, அதோ அதுவும் நான் கட்டியது என்று சொல்லிக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர் மலை வருவதற்குள் வேறு சீட்டுக்கு மாறிவிடுவார்.

என் மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள். போன லீவுக்கு வந்தவள், சாப்பிடும்போது தன் பாடத்தைச் சொன்னாள். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒருவர் கையில் கடிகாரத்தோடு தொழிற்சாலையில் நின்று, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தாராம். இன்னொருவர், கொத்தனார் ஒவ்வொரு செங்கல்லுக்கும் குனிந்து நிமிர்வதைப் பார்த்துவிட்டு, கல்லை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைக்கச் சொன்னாராம். சுவர் மளமளவென்று எழுந்ததாம்.

எனக்குச் சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது.

“இதுக்கு ஒரு புஸ்தகமா? எனக்கு முதுகு புடிச்ச வருசம், தார் டின்னு மேல கல்ல அடுக்கிக்கினு குனியாமலே சுவரு ஏத்துனேன்டி. எவனாவது எழுதுனானா?”

“நீயே எழுத வேண்டியதுதானப்பா?”

எழுதிவிட்டேன், இதோ.

அடுத்த நாள் தியாகதுருகத்தில் ஒரு வீட்டுக்கு மேல்தளம் போட வேண்டும். மகளும் கூட வந்தாள். தளம் என்றால் எங்கள் பக்கம் பொழுது சாய்கிற வரைக்கும் வேலை. கலவைச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறுகிற பெண்களும் காலிச் சட்டியோடு இறங்குகிறவர்களும் நடுவழியில் முட்டிக்கொள்வார்கள். முட்டிய இடத்தில் ஒரு ஊர்க்கதை ஓடும். அன்றைக்கு யாரும் நடக்கக் கூடாது என்றேன். கலவை மிஷினிலிருந்து மாடி வரைக்கும் ஆள் நிற்கட்டும், சட்டி மட்டும் கைமாறிப் போகட்டும். காலிச் சட்டி இறங்கிவர எதிரில் இன்னொரு வரிசை.

வரிசை போட யாருக்கும் தெரியும். யார் பக்கத்தில் யார் என்பதில்தான் இருக்கிறது என் மூளை. ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாகப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். கதை பேச மாட்டார்கள். சட்டி கைக்கு வந்ததும் சனியன் ஒழிந்தது என்று தள்ளிவிடுவார்கள். மகள் சிரித்துச் சிரித்துச் செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அமெரிக்காக்காரருக்கு இது தோன்றவில்லையாம்.

பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் கருணாபுரத்துக்காரர், பல வருடமாக என்னோடு வேலைக்கு வருகிறவர். அவர் இடுப்பில் கை வைத்தார்.

“மேஸ்திரி, சீக்கிரம் முடிச்சா கூலிய கம்மி பண்ணுவீங்களா?”

“முழுக் கூலி. நான் பேசறேன் வூட்டுக்காரரண்ட.”

“பேசறேன்னா இன்னா அர்த்தம்? பேசிட்டீங்களா இல்லியா?”

“நான் சொன்னா சொன்னதுதாம்மா.”

மகள் என் காதோரம் வந்தாள். “அப்பா, இதுவும் புஸ்தகத்துல இருக்கு. வேகமா செஞ்சா கூலிய கொறைச்சிடுவாங்கன்னுதான் ஜனங்க மெதுவா செய்வாங்களாம்.”

சட்டி பறந்தது. நான் கீழே நின்று கை தட்டித் தாளம் போட, மிஷின்காரன் மூச்சுவிட நேரமில்லாமல் என்னைத் திட்டினான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தளம் முழுசாக முடிந்துவிட்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு தளம் நான் பார்த்ததில்லை. நானே போட்டது என்றாலும் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் ஆபீஸ் உத்தியோகம். வந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

“அட, முடிஞ்சிடுச்சா! அப்போ அரை நாள் கூலிதானே மேஸ்திரி?”

“தளம் முழுத்தளமா கீதே சார்?”

“நாளு அரை நாள்தானே?”

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு என் வாக்கு பொய்யானால், இனி எந்த வேலையிலும் எனக்காக ஒரு கை கூட வேகமாக அசையாது. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் முந்திக்கொண்டார். இது அபூர்வமாக நடப்பது.

கருணாபுரத்துக்காரர் முந்தானையை இழுத்துச் செருகினார். “சரிங்க சார். மிச்ச அரை நாளையும் செஞ்சி குடுத்துட்டே போறோம். ஏய், எழுந்து நில்லுங்கடி!”

எல்லோரும் பழைய இடத்தில் நின்றார்கள். என் மகளும் வரிசையில் நுழைந்துகொண்டாள். காலிச் சட்டி ஒரு வரிசையில் ஏறியது. உச்சியில் நின்றவர் அதைத் தளத்தைப் பார்த்துக் கவிழ்த்து “போட்டாச்சு!” என்று கத்தினார். காலிச் சட்டி மறு வரிசையில் இறங்கியது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் கூட ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“இன்னா இது, சட்டியில ஒண்ணுமே இல்லியே!” என்றார் வீட்டுக்காரர்.

“தளத்துல எடமே இல்லியே சார்!” என்றார் கருணாபுரத்துக்காரர்.

அவர் மனைவி வெளியே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வளையலை மேலே தள்ளிக்கொண்டு என் மகளுக்குப் பக்கத்தில் போய் வரிசையில் நின்றுவிட்டார்.

“நீ எதுக்குடி அங்க?”

“நம்ம வூட்டு வேலை பாக்கி கீதாமே!”

“முழுக் கூலி! எல்லாருக்கும் முழுக் கூலி! சட்டிய கீழ வைங்கம்மா!”

யார் வைத்தார்கள்? மனைவி ஒரு சட்டியை அவர் கையில் திணித்தார். அவர் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் சட்டென்று அடுத்தவரிடம் கொடுத்தார். கைமாற்றிய வேகம் நன்றாகவே இருந்தது. என் ஏற்பாடு அப்படி.