அவனிடம் திருடிய ஸ்விங்

கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில், கோல்ஃப் அடித்துப் பழகும் மைதானம் ஒன்றில் நான் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிறுசேரியில் கம்பெனிகள் வரவர, கற்றுக்கொள்ள வருகிறவர்களும் பெருகினார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. வெளியாள் வேண்டாம், உங்கள் இரண்டு பேரில் ஒருவரைப் போடுகிறேன் என்றார் மேனேஜர். இரண்டு பேர் என்றால் நானும், கோவளம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வரும் என் கூட்டாளியும். ஆளுக்கொரு புதியவரைக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை வந்து பார்ப்பார். யாருடைய ஆள் நன்றாக அடிக்கிறாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன்தான் கோச்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இன்னொரு முறை இப்படி அமையாது. எங்கள் ஊர் செம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறினால் இறங்கும்வரை அதே நினைப்பு.

ஸ்விங்குக்கு, அதாவது மட்டையை வீசி அடிப்பதற்கு, என்னிடம் ஒரு முறை இருந்தது. முன்பு ஒரு கிளப்பில் சார்களுக்குப் பை தூக்கியபோது பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. கால் எவ்வளவு அகலம், கட்டைவிரல் எங்கே, இடது முழங்கை மடங்கக் கூடாது, தலை ஆடக் கூடாது என்று மொத்தம் ஏழு. எனக்குக் கிடைத்த மேடம் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர். ஏழையும் செல்போனில் குறித்துக்கொண்டார். முதல் வாரக் கடைசியில் பத்துப் பந்தில் ஆறு எழும்பியது.

"செம கிளியரா சொல்றீங்கண்ணா" என்றார்.

அதோடு இருந்திருக்கலாம். என் காதோ, பக்கத்தில் அவர்கள் நின்று அடிக்கும் விரிப்பிலேயே கிடந்தது. கூட்டாளி தன் சாரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வான்.

"கடல்ல வலை வீசுறத பாத்துகீறீங்களா சார்? அவ்ளோதான். வேற ஒண்ணும் கெடையாது."

அந்த சார் சிரித்துக்கொண்டே அடிப்பார். பந்து தூரம் காட்டும் கடைசிப் பலகையைத் தாண்டும். அதற்கும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். என் மேடமோ, பரீட்சைக்கு நிற்கிற மாதிரி ஏழையும் முணுமுணுத்துக்கொண்டு நிற்பார். அவன் எதையாவது உழைத்துச் சேர்த்தானா? பிறந்த இடம் கொடுத்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை மேடமிடம் சொல்லிவிட்டேன். "அந்த ஏழையும் விட்ருங்க மேடம். வலை வீசுற மாதிரி நினைச்சுக்கோங்க."

"நெட்டா? நான் பார்த்ததே இல்லையேண்ணா."

நானும் பார்த்ததில்லை. எங்கள் ஏரியில் தூண்டில் போடுவார்கள், அவ்வளவுதான். வலை வீசுவது என்றால் இரண்டு கையையும் ஓங்கி விசிறுவதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து காட்டினேன். மேடம் விசிறினார். மட்டை பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே தரையில் மோதியது. வெள்ளிக்கிழமைக்குள் மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றியிருந்தார்.

"பழையபடியே பண்ணட்டுமாண்ணா?"

"வேணாம் மேடம். வந்துரும்."

வராது என்று எனக்கே தெரியும். ஆனால் திரும்பிப் போனால், அவனுடையது எனக்குக் கைவராது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சனிக்கிழமை மேடம் அடித்த பத்தில் ஒன்று எழும்பியது. மேனேஜர் என்னைப் பார்க்காமல் கூட்டாளியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவன் நேராக என்னிடம் வந்தான். "இன்னா மச்சான், நல்லா அடிச்சிகினு இருந்தாங்களே! இன்னா சொல்லிக்குட்த்த?"

"நீ சொன்னதத்தான். வலை வீசுறது."

"யோவ்! கையாலயா வலை வீசுவாங்க? மொதல்ல இடுப்பு திரும்பணும்யா. கை பின்னால தானா வரும்." தோளில் கிடந்த துண்டை எடுத்தான். இடுப்பு திரும்பியது. துண்டு காற்றில் வட்டமாக விரிந்து தரையில் படிந்தது. "கேட்டா சொல்லியிருக்க மாட்டனா?"

கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அதுதான் இன்னும் எரிந்தது. அந்தத் துண்டு விரிந்த அழகைப் பார்த்து, எப்படி என்று எனக்குப் புரிந்தும்விட்டது. ஆனாலும் அது தவறி விழுந்திருக்கக் கூடாதா என்றுதான் மனசு கேட்டது.

"அண்ணா, இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்றார் மேடம். என்னிடம் அல்ல. மட்டையை எடுத்துக்கொண்டு அவன் விரிப்புக்கு நடந்தார்.

போகட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நான்தான் பின்னாலிருந்து, "போங்க மேடம், போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.