வெயில் சுடாத கால்

பங்கு மக்களே, என் இடது கால் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த நன்றியைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

சந்தையில் மீன் விற்கும் ரீத்தம்மாவை உங்களுக்குத் தெரியும். என் வாய்க்குப் பயப்படாதவர் இங்கே குறைவு. அறுபதைத் தாண்டியதும் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. மருந்துக் குளிசையை நினைத்தால் போடுவேன், மறந்தால் விடுவேன். ஆனால் அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தியை மட்டும் விடவில்லை. செவ்வாய்தோறும் செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்து வந்தேன். சித்திரை வெயிலில் தார் றோட்டுக்கூட என் காலைச் சுடவில்லை. அற்புதம் என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்!

பிறகு ஒரு செவ்வாய், காய்ச்சலோடு வந்து முழந்தாளிட்டேன். உடம்பு நடுங்கியது. பயந்து போனேன். "அந்தோனியாரே, எனக்கு என்ன செய்யுதெண்டு காட்டும்" என்று மன்றாடினேன்.

பின்னால் இருந்த நேர்ஸ் பிள்ளை ஜெசிந்தா என் தோளைத் தொட்டாள்.

"மாமி, உங்கடை சின்ன விரலுக்குக் கீழை மீன்முள்ளு ஏறிச் சீழ் பிடிச்சிருக்கு. நோகேல்லையோ?"

"இல்லையே பிள்ளை."

"சீனி நரம்பைக் கெடுத்திட்டுது. அதுதான் வெயிலும் சுடேல்லை. எழும்புங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்."

கேட்டு வாய் மூடவில்லை, பதில் வந்துவிட்டது.

காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார் டொக்டர். காலில்லாமல் சந்தைக்கு எப்படிப் போவேன்? அழுதேன். செபமாலையை மட்டும் கைவிடவில்லை. கடைசியில் சின்ன விரல் போனது. கால் தப்பியது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கவலை. இனி வெறுங்காலோடு நடக்கவே கூடாதாம். பங்குச் சுவாமியிடம் போனேன்.

"சுவாமி, என்ரை நேர்த்தி முறியுதே?"

"அந்தோனியார் உங்கடை காலையோ கேட்டவர்? செருப்போடை உள்ளுக்கு வாங்கோ அம்மா" என்று சிரித்தார்.

இப்போது குளிசை தவறுவதில்லை. தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிப்பதும் இல்லை. அதுவும் சீனிதான் என்று ஜெசிந்தா சண்டை பிடித்தே விளங்கவைத்தாள். மாலைச் செபத்துக்கு முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன்.

வயது போன என் சகோதரங்களே, கடவுளை நம்புங்கள். அவர் அனுப்புகிற ஆட்களையும் நம்புங்கள். கால் விறைத்தால், வெயில் சுடாவிட்டால், பேசாமல் இருக்காதீர்கள். ஞாயிறு பூசை முடிய ஜெசிந்தாவும் நானும் கோயில் வாசலில் இருப்போம். வெட்கப்படாமல் காலை நீட்டுங்கள். ஆண்டவரே குனிந்து சீடர்களின் காலைக் கழுவினார். உங்கள் காலைக் குனிந்து பார்க்க ரீத்தம்மாவுக்கு என்ன குறை?