மரவள்ளியும் இஞ்சியும்

திருகோணமலைக்கு வந்த முதல் ஐந்து மாதமும் நான் ஊமையாகத்தான் சாமான் வாங்கினேன். வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர் தலையை நிமிர்த்தி "இந்தியாவோ?" என்பார். பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பின்னால் நிற்பவர், எந்த ஊர், எப்போது வந்தது, யார் வீட்டில் இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார். பிரியமாகத்தான் கேட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது அந்தக் கேள்விகள் எல்லாமே எனக்கு விசாரணையாகத்தான் கேட்டன.

காரணம் இருந்தது. விசாவை நீட்டிப்பதற்காகக் கொடுத்த என் பாஸ்போர்ட் கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. கையில் இருந்தது ஒரு ரசீதின் போட்டோகாப்பி மட்டும். விசா இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று யாராவது கேட்டால் எனக்கே பதில் தெரியாது. அந்தத் தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறுமுன் ஒரு தடவையும் இறங்கிய பிறகு ஒரு தடவையும் தொட்டுப் பார்ப்பேன். கணவர் கூட இருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கல்யாணம் முடித்து என்னைக் கொண்டுவந்து தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மூன்றாவது வாரமே கடலுக்குப் போய்விட்டார். சின்ன வயதில் அகதியாக வந்து எங்கள் ஊர் முகாமில் வளர்ந்தவர் அவர். திருச்சிப் பக்கத்துப் பெண்ணுக்குத் திருகோணமலையில் சம்பந்தம் அமைந்தது அந்த வழியில்தான்.

அவருடைய அக்கா வீடு உப்புவெளியில். "மச்சாள் எண்டு கூப்பிடுங்கோ" என்று முதல் நாளே சொன்னார். நாத்தனாருக்கு அங்கே அதுதான் சொல். எனக்கு அது நாக்கில் ஏறவில்லை, அக்கா என்றே கூப்பிட்டேன். அவரும் என்னை நீங்கள், வாங்கோ, இருங்கோ என்றுதான் பேசுவார். ஒரு குறை சொன்னதில்லை. அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அவர் கணவர் கட்டாரில், வளைகுடா வேலை. மச்சாள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பத்து வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே மகளுக்கு அப்போது நாலு வயது. அந்த ஊரிலேயே என் பேச்சைக் கேட்டு எந்தக் கேள்வியும் கேட்காமல் சிரித்தவள் அவள் ஒருத்திதான். "மாமி, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்பாள். அவளுக்காக எதையும் செய்வேன் என்று எனக்கு இருந்தது.

சந்தைக்குப் போவது என் வேலை. விரலால் காட்டுவேன். அரைக் கிலோ என்றால் விரலைப் பாதி மடக்குவேன். காய்கறிக்கு மரக்கறி, எலுமிச்சைக்குத் தேசிக்காய் என்று கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றியிருந்தாலும் எதையும் உரக்கச் சொன்னதில்லை. நன்றாகப் பழகியிருந்த ஒரே சொல், ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் "ஓம்." யார் எதைக் கேட்டாலும் ஓம். அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு வீட்டுக்குச் சமையல் சாமான் வாங்கிவிடலாம் என்ற திமிர்கூட எனக்கு வந்திருந்தது.

அன்று காலை, கிண்ணியாவிலிருந்து கிழங்கு கொண்டுவந்து விற்கும் அம்மாவிடம் மரவள்ளிக்கிழங்கைக் காட்டினேன். மண் காயாத கிழங்கு. பார்த்ததுமே எங்கள் வீட்டு மசியல் ஞாபகம் வந்தது. பக்கத்தில் கிடந்த இஞ்சியையும் காட்டினேன். அந்த நேரம் பார்த்து, சீருடை போட்ட நாலைந்து கடற்படைக்காரர்கள் எங்கள் வரிசைக்குள் வந்தார்கள். அவர்களும் வெங்காயம் வாங்கத்தான் வந்திருப்பார்கள். நான் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா ஒரு கையில் கிழங்கையும் மறு கையில் இஞ்சியையும் தூக்கி, இரண்டையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். என் காது அங்கே இல்லை. "ஓம், ஓம்" என்றேன். அவர் இஞ்சியைத் தனிப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

எங்கள் அம்மா செய்வது போலவே செய்தேன். கிழங்கை அவித்து மசித்து, கடுகு தாளித்து, பச்சை மிளகாயும் இஞ்சியும் பொடியாக நறுக்கிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து இறக்கினேன். சின்னவள் முன்பள்ளியிலிருந்து வந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்துத் தூங்கினாள். எனக்கு மனம் நிறைந்திருந்தது. அந்த வீட்டில் முதல்முறையாக என் கைச்சமையல் எடுபட்டிருக்கிறது.

இரண்டு மணிக்கு மச்சாள் வந்தார். கையைக் கழுவிவிட்டுக் குசினிக்குள் வந்து ஒரு வாய் எடுத்துப் போட்டார். மெல்லுவது நின்றது.

"இதுக்குள்ள என்ன போட்டிருக்கிறீங்கள்?"

"இஞ்சி, அக்கா. கொஞ்சம்தான்."

வாயில் இருந்ததைக் கையில் துப்பினார். "பிள்ளை சாப்பிட்டவளோ?"

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாளே."

"மரவள்ளியோட இஞ்சி சேர்ந்தால் நஞ்சு. உங்களுக்குத் தெரியாதோ?"

அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. இலங்கையில் இது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயமாம். மரவள்ளி சாப்பிட்ட நாளில் இஞ்சி போட்ட தேத்தண்ணி கூடக் குடிக்க மாட்டார்களாம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எனக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

மச்சாள் பாயில் கிடந்த பிள்ளையை உலுக்கினார். அவள் கண்ணைத் திறந்து, மறுபடி மூடி, தாயின் தோளில் சரிந்தாள். தினமும் அந்த நேரத்தில் அப்படித்தான் தூங்குவாள். அன்றைக்கு எனக்கு அது தூக்கமாகத் தெரியவில்லை.

ஆட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினார். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். கிண்ணியா அம்மா இரண்டு கைகளையும் விலக்கிக் காட்டியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்லியிருக்கிறார், பாவம். நான்தான் ஓம் என்றேன். பிள்ளை செத்துவிடுமோ என்று அடித்துக்கொண்ட அதே நெஞ்சு, நஞ்சு என்றால் போலீஸ் வருமே, தாளைக் கேட்பார்களே, திருப்பி அனுப்பிவிடுவார்களே என்றும் அடித்துக்கொண்டது. அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மச்சாள் என்னைத் திட்டவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தார்.

நான் பயந்தது போலவே, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு கட்டிலருகே வந்து நின்றார். "யார் சமைச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் சமைச்சனான்" என்றார் மச்சாள்.

யோசிக்காமல் சொன்னார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. என் பாஸ்போர்ட் விஷயம் அவருக்குத் தெரியும். ஒரு கணம், கடவுளே தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போது டாக்டர் வந்தார், இளம் பெண். பிள்ளையின் கண்ணையும் நாடியையும் பார்த்துவிட்டு மச்சாளிடம் கேட்டார்.

"கிழங்கு எப்பிடி அவிச்சனீங்கள்? மூடியோ, திறந்தோ? அவிச்ச தண்ணியை ஊத்தினதோ, கறிக்குள்ளயே விட்டதோ? இஞ்சியை விடுங்கோ, சரியா அவியாட்டில் கிழங்கே நஞ்சு, எனக்கு இதுதான் தெரியோணும்."

"திறந்து... இல்லை, மூடி..." மச்சாள் தடுமாறினார். அவருக்கு எப்படித் தெரியும்? சமைத்தது நானல்லவா. டாக்டர் பொறுமையாக மறுபடி கேட்டார். மச்சாள் மறுபடியும், "மூடி... இல்லை, திறந்து..." என்றார். போலீஸ்காரர் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"தெறந்து வச்சுதான் வேக வச்சேன் டாக்டர்" என்றேன். "தோல நல்லா சீவிட்டேன். நடு நரம்ப எடுத்துட்டேன். வெந்த தண்ணிய ஒரு சொட்டு விடாம கீழ ஊத்திட்டேன். நான்தாங்க சமைச்சேன், அவங்க இல்ல."

அந்த ஊரில் நான் அவ்வளவு நீளமாக, அவ்வளவு உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. வார்டே திரும்பிப் பார்த்தது.

"நீங்க இந்தியாவா?" என்றார் போலீஸ்காரர்.

"ஆமாங்க." கை தானாகப் பர்ஸுக்குப் போனது.

அவர் தாளைக் கேட்கவில்லை. "அங்க இதுக்கு இஞ்சி போடுறதா?" என்றார்.

"எங்கம்மா போடுவாங்க."

"ஒண்டும் ஆகாதா?"

"இதுவரைக்கும் ஆனதில்லங்க."

அவர் நம்பாமல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "வடிவா அவிஞ்சிருந்தால் பயமில்லை. எண்டாலும் ஆறு மணி வரை இங்கயே இருக்கட்டும், பாப்பம்" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நானும் ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட மாட்டன்" என்றார். போலீஸ்காரர் என்னவோ கிறுக்கிவிட்டு வாசலுக்குப் போனார்.

"வேற ஆர் சாப்பிட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

"அக்கா ஒரு வாய், துப்பிட்டாங்க. அப்புறம் நான். ஒரு தட்டு நெறைய."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டவள் நான். பிள்ளை, போலீஸ், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பயந்தவளுக்கு, தன் வயிற்றுக்குள்ளும் அதுதான் கிடக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மச்சாள் பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுத்தார். "நீயும் சாப்பிட்டனியோ?" என்றார். "ஏனடி சொல்லேல்லை?" என் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் கண்ணுக்குள் பார்த்தார். அதுவரை கல்லாக இருந்தவர் அப்போதுதான் உடைந்தார். "டாக்டர், இவவையும் பாருங்கோ. முதல்ல இவவைப் பாருங்கோ" என்று அழுதுகொண்டே சொன்னார்.

எனக்குப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. மச்சாள் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கை பிள்ளையின் நெஞ்சில், ஒரு கை என் மணிக்கட்டில். ஆறு மணிக்குச் சின்னவள் எழும்பி, பசிக்குது, மாமி செய்த கிழங்கு இருக்கோ என்று கேட்டாள். டாக்டர் வந்து பார்த்து, இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

என் மணிக்கட்டில் அவர் கை வியர்த்துப் போயிருந்தது.

"விடுங்க மச்சாள், எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் விடவில்லை.