சங்கு ஊதாத நாளின் மாத்திரை

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில், எழுபதுகளின் கடைசியில் நான் ஆயாவாக இருந்தேன். அங்கே ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. இஷ்டப்பட்டால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். அதனால் காலை மாத்திரைக்கு எங்கள் கணக்கு, எதிர்க் கிடங்கில் வேலை தொடங்க ஊதும் சங்குதான். அது ஊதியதும் கட்டிலில் கிடப்பவர்கள் தானாக வாயைத் திறந்துவிடுவார்கள். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்தக் கிடங்கில் ஆயுசெல்லாம் மூட்டை சுமந்த ஒருவர் எங்களிடம் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். எல்லோருக்கும் அவர் மூப்பர். யூனியன்காரர். உடம்பு ஒடுங்கியும் கொடி மட்டும் இறங்கவில்லை. அவருக்கு வலிப்பு நோய். ஒருமுறை மாத்திரை தவறியதில் குளியலறையில் விழுந்து புருவம் கிழிந்து கிடந்தவரைத் தூக்கியவள் நான். இன்னொரு முறை விழுந்தால் தாங்கமாட்டார், நேரம் தவறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு நாள் பந்த் வந்தது. கேரளத்தில் பந்த் வராமல் இருந்தால்தான் அதிசயம். பஸ் இல்லை. தோப்பும்படியில் இருந்த என் வீட்டிலிருந்து வெயிலில் நடந்து, பந்த் வைத்தவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு நான் வந்து சேர்ந்தேன். கிடங்கு பூட்டிக் கிடந்தது. சங்கும் ஊதவில்லை. மற்றவர்களைக் கெஞ்சி விழுங்க வைத்தாயிற்று. மூப்பர் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

சங்கு ஊதாத நாளில் மருந்து கொடுப்பது வேலை, அதைக் கைநீட்டி வாங்குகிறவன் கரிங்காலி என்றார். வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்கு அங்கே அதுதான் பெயர். அதைவிடப் பெரிய வசவு அவருக்குத் தெரியாது. மேட்ரன் வந்து கொஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், கடைசியில் ஜபமாலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் புருவத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூப்பரே, பாலுக்கும் பத்திரிகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பந்த்ல விலக்கு உண்டுல்ல?"

"உண்டு. ஆனா இது ஆஸ்பத்திரி இல்ல மோளே. வெளிய போர்டைப் போய்ப் பாரு, விருத்தசதனம், முதியோர் இல்லம்னுதான் எழுதியிருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சமையலறைக்குப் போனேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், அடுப்புக்கரியால் மலையாளத்தில் 'ஆஸ்பத்திரி' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பந்த் நாளில் மறியல்காரர்கள் வழிவிட டாக்சிக்காரர்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார்களே, அதே மாதிரி சோற்றுப் பருக்கை வைத்து மருந்துத் தள்ளுவண்டியின் முன்னால் ஒட்டினேன். கடகடவென்று அவர் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மூப்பர் கைத்தடியைக் குறுக்கே நீட்டி வண்டியை மறித்தார். மறியலில் நின்று பழகிய கை. தாளை உற்றுப் பார்த்தார். பிறகு வண்டியைச் சோதனை போட ஆரம்பித்தார். மாத்திரை, சரி. தண்ணீர், சரி. பக்கத்தில் நான் எனக்காக ஆற்றி வைத்திருந்த சாயா கண்ணில் பட்டது.

"மருந்து போகலாம். சாயாக்கடைக்கு விலக்கு இல்ல. இது இறங்கணும்."

இறக்கி அவரே குடித்தார். கூடவே மாத்திரையும் உள்ளே போனது. நாசமாய்ப் போக, காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாதவள் நான்! ஆனால் அந்த மாத்திரை தொண்டையில் இறங்கியதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எந்த சாயாவும் தந்ததில்லை. அந்தத் தாளை அவர் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் அடுத்த பந்த். ரோட்டில் முழங்கால் தண்ணீர். நடக்க நடக்க நேரம் போய்க்கொண்டே இருந்தது. மூப்பர் விழுந்து கிடப்பார், மேட்ரன் ஒருத்தியால் தூக்க முடியாது என்று மனசு அடித்துக்கொண்டது. அழுதபடியேதான் இல்லத்துத் திருப்பத்தில் திரும்பினேன்.

வாசல் கதவோரம் நாற்காலி போட்டு மூப்பர் உட்கார்ந்திருந்தார். சட்டை நெஞ்சில் அந்தக் காலண்டர் தாள், 'ஆஸ்பத்திரி', சோற்றுப் பருக்கையால் கோணலாக ஒட்டியிருந்தது. மடியில் மாத்திரை டப்பா, கையில் தண்ணீர்ச் செம்பு. மேட்ரன் கொடுத்ததை வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்து அங்கேயே காத்திருந்தாராம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"வண்டி எப்பவோ வந்து நிக்குது மோளே," என்றார். "சரக்கை ஏத்து."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.