மூன்றாவது கொய்யாக்காய்

சாங்ஹுவா கடைத்தெருவில் சூ பாவ்சியுவைத் தெரியாத ஆளில்லை. குடைக்கம்பிப் பட்டறை வைத்திருந்தாள். எந்திரம் நின்றாலும் அவள் குரல் நிற்காது. மனசில் கள்ளம் கிடையாது. பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

தைவான் முழுக்க அப்போது ஒரு வழக்கம். கடை புருஷன் பெயரில் ஓடும். செக் புத்தகம் மனைவி பெயரில் இருக்கும். செக் திரும்பினால் மாட்டிக்கொள்வது அவள்தானே, என்ன ஒரு சௌகரியம்! முன்பெல்லாம் அதற்காகப் பெண்கள் ஜெயிலுக்கே போனார்கள். பிறகு அந்த ஜெயில் போய்விட்டது. ஆனால் ஒரே வருஷத்தில் மூன்று செக் பணமில்லாமல் திரும்பினால் எந்த பாங்க்கும் அப்புறம் செக் புத்தகம் தராது. செக் இல்லாத பட்டறைக்கு அந்தத் தெருவில் யார் கம்பி தருவார்கள்? பாவ்சியு கணக்கில் ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. இரண்டும் அவள் புருஷன் வளர்த்த பந்தயப் புறாக்களின் கைங்கரியம்.

அன்று, கம்பி வியாபாரிக்கு அவள் எழுதிய செக் பாங்க்குக்கு வரும் நாள். குடைக்கடை வெங் ஷுயிமு கொடுத்த செக்கை நம்பித்தான் எழுதியிருந்தாள். மதியம் சோற்றில் கை வைக்கப் போகும்போது ஃபோன் அடித்தது.

"அக்கா, நீங்க போட்ட வெங்கோட செக் திரும்பிடுச்சு" என்றாள் பாங்க் பெண்.

அவள் காரணம் சொல்வதற்குள் பாவ்சியு ஃபோனை வைத்துவிட்டாள். மூன்றரைக்கு பாங்க் மூடும். அதற்குள் பணம் விழாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

திரும்பி வரும் செக்குக்கு அந்த ஊரில் கொய்யாக்காய் என்று பெயர். ஷுயிமுவின் கடையில் நல்ல கூட்டம்.

"ஏய்யா ஷுயிமு! குடைய விட்டுட்டு கொய்யாக்கா யாவாரம் எப்போ ஆரம்பிச்சே?"

வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷுயிமு கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தான்.

"பணம் இருக்கு அக்கா! சத்தியமா இருக்கு!"

"இருந்தா ஏன்யா திரும்புது? அதுக்கென்ன வேண்டுதலா?"

அவன் பாங்க்குக்கு ஃபோன் போட்டான். கேட்கக் கேட்க முகம் தொங்கிப்போனது. முத்திரை ஒத்துப்போகவில்லையாம். அங்கே கையெழுத்துக்கு மதிப்பில்லை; பாங்க்கில் பதிந்துவைத்த முத்திரைதான் ஆள். பழைய முத்திரையில் பணம் தங்காது என்று ஜோசியர் யாரோ சொல்ல, எருமைக் கொம்பில் ராசியான முத்திரை ஒன்றைப் புதிதாக வெட்டியிருக்கிறான். பாங்க்குக்குச் சொல்லத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எழுதிய செக்கிலெல்லாம் அதையே குத்தித் தள்ளியிருக்கிறான்.

"பழசு எங்கே?"

"ஓடுற தண்ணில விட்டுடச் சொன்னாரு. விட்டுட்டேன்."

"பணம் தங்கும்னாரில்ல? நல்லாத் தங்கிடுச்சு, வெளியவே வர மாட்டேங்குது. ஏறு வண்டில!"

ஷுயிமுவின் பாங்க்கில் மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முத்திரை தொலைந்தால் மாற்றலாம், ஆனால் இவர் நாணயமானவர் என்று இன்னொரு கடைக்காரர் ஜாமீன் போட வேண்டும் என்றார். ஷுயிமு ஓரக்கண்ணால் பாவ்சியுவைப் பார்த்தான்.

"நான் போடறேன்" என்றாள் அவள்.

மேனேஜர் விசாரித்துவிட்டுத் தயங்கினார். "உங்க பேர்லயே ரெண்டு இருக்கேம்மா?"

"அது புறா பண்ணினது சார். மூணாவது ஆகக்கூடாதுன்னுதான் இங்க வந்து நிக்கிறேன். இவன் முட்டாள் சார், ஆனா திருடன் இல்ல."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவ்சியு கைப்பையிலிருந்து தன் முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினாள்.

ஷுயிமு எடுத்துக் கொடுத்த பணத்தோடு தன் பாங்க்குக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது காவலாளி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். குனிந்து நுழைந்தாள். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பெண், "போதும் அக்கா, உங்க செக் பாஸாயிடும்" என்றதும் பாவ்சியு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ரொம்பப் பயந்துபோயிருந்தாள், பாவம்.

ஷுயிமுவைக் கடையில் இறக்கிவிடத்தான் போனாள். அங்கே கூட்டத்தைக் காணோம். ஃபோன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மற்ற செக்குகளும் திரும்பத் தொடங்கியிருந்தன. போதாததற்கு, மதியம் அவள் போட்ட சத்தம் தெருவையே ஒரு சுற்று வந்திருந்தது. எடுக்கப் பயந்து ஷுயிமு நின்றான். பாவ்சியுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. காரணத்தை ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் இவனுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?

ரிசீவரை அவளே எடுத்தாள்.

"ஷுயிமு கடைதான். பணம் பத்திரமா இருக்கு, முத்திரைதான் மாறிப்போச்சு. நாளைக்கு வாங்க, ஒவ்வொரு செக்கையும் மாத்தித் தருவான். நான் ஜாமீன்."

"நீ யாரும்மா ஜாமீன் சொல்ல?" என்றது அந்தப் பக்கம்.

"சூ பாவ்சியு. இன்னிக்கு என் செக் பாஸாச்சு. பாங்க்ல கேட்டுப் பாருங்க."